சோடியம் நின்ற இடம்

"ஜாலியா ஒரு அனுபவம் எழுதிக் குடுங்க மேடம், ரெண்டு பக்கம் போதும்" என்று போன் வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கல்லூரியில் இயற்பியல் துறைக்கு மலர் போடுகிறார்களாம். பேசியவர் என்னிடம் படித்தவர். இப்போது அங்கேயே ஆசிரியர். போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். "இப்பல்லாம் பாதி பிராக்டிகல் கம்ப்யூட்டர்லயே முடிஞ்சுருது மேடம். கலோரிமீட்டர் படம் வரும், மவுஸால தூக்கிப் போட்டாப் போதும். வேல்யூ பிசகாம வரும்." சந்தோஷமாகத்தான் சொன்னார்.

பழைய ஆய்வகம் போய்விட்டதே என்று மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை நான். அந்த ஆய்வகத்தில் மண்ணெண்ணெய் வாடையும் பெருச்சாளித் தொல்லையும்தான் அதிகம். கம்ப்யூட்டர் தாராளமாக வரட்டும். 'பிசகாமல் வரும்' என்ற அந்த வார்த்தைதான் என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது. நிச்சயம் ஜாலியாக இருக்காது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திண்டுக்கல்லில் பிறந்தேன், மதுரையில் எம்.எஸ்ஸி. படித்தேன், ஊருக்கே திரும்பி வந்து டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் செய்முறை வகுப்பில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று கருவிகளைப் பழக்கிக் கொடுக்கிறவர். மற்றவர்கள் டீ குடிக்கப் போனபிறகு உடைந்ததைப் பொறுக்கி வைக்கிறவரும் அவர்தான். சில வருடங்களில் விரிவுரையாளர் ஆனேன். என்னை நேர்முகத்தில் தேர்ந்தெடுத்ததும், பிறகு மேலே ஏற்றிவிட்டதும் துறைத்தலைவர் பெருமாள்சாமி சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பார். சத்தம் போட்டு ஒரு நாளும் பேசியதில்லை. ஆய்வகத்துக்குள் வந்தால் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். ஒரு மேசைக்குப் பக்கத்தில் நிற்பார், இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பார், பிறகு மாணவன் எழுதி வைத்திருப்பதைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் நகர்ந்துவிடுவார். இல்லையென்றால் அங்கேயே நிற்பார். அவர் நிற்கிற நேரத்தில் பையன்களுக்குச் சட்டை நனைந்துவிடும்.

அவருடைய ஆய்வகத்தில் பென்சிலுக்கு அனுமதி கிடையாது. படம் வரையக்கூட வீட்டில் வரைந்துகொண்டு வர வேண்டும். அளவுகளை மையில்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒரே ஒரு கோடு, அதுவும் அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. ரப்பர் வைத்திருந்தவனை வெளியே அனுப்பியிருக்கிறார். புத்தகத்தில் இருக்கும் விடையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டு அளவுகளை எழுதுவதற்கு எங்கள் தொழிலில் 'சமைக்கிறது' என்று பெயர். எல்லாக் கல்லூரியிலும் நடக்கும், எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் மட்டும் நடக்காது என்று சுற்றுவட்டாரத்தில் பேர். "கண்ணு பாத்தத கை எழுதணும். அம்புட்டுதான் பிசிக்ஸ்" என்பார். நான் அதை அப்படியே நம்பினேன். வேலையில் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'சோடியம் சார்'. இளவயதில் எம்.ஃபில். பட்டத்துக்கு அவர் சோடியத்தின் தன்வெப்பத்தை அளந்திருந்தார். ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதுதான் தன்வெப்பம். செம்பு, ஈயம் என்றால் அளப்பது பள்ளிக்கூட வேலை. துண்டை நீராவியில் சுட வைத்து, கலோரிமீட்டர் என்கிற செம்புக் கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரில் போட்டு, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தால் போதும். சோடியத்தைத் தண்ணீரில் போட முடியாது. போட்டால் சீறும், பற்றும், கிண்ணமும் போகும், முகமும் போகும். காற்றில் வைத்தாலே வெட்டிய முகம் வெள்ளி மாதிரி மின்னி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும்.

அதனால் சார் ஒரு முறை வகுத்திருந்தார். எல்லாமே எண்ணெயில். சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள் வைத்தே கத்தியால் சிறு சதுரங்களாக வெட்ட வேண்டும். வடிதாளில் ஒற்றி எடுத்து, எடை போட்டு, கொஞ்சம் பாரஃபின் எண்ணெயோடு ஒரு மெல்லிய செம்புக் குழாயில் போட்டு மூட வேண்டும். மூடியில் உள்ள துளை வழியாக ஒரு தெர்மாமீட்டர். அந்தக் குழாயை நீராவி சுற்றி ஓடும் உறைக்குள் தொங்கவிட்டு, சூடேறி நிலைத்ததும், தெர்மாமீட்டரை உருவித் துளையை அடைத்துவிட்டு, கலோரிமீட்டரில் இருக்கும் மண்ணெண்ணெயில் இறக்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய் என்பதால் அதன் தன்வெப்பத்தையும் முதலில் தனியாக அளந்துகொள்ள வேண்டும். ரேஷன் கடை மண்ணெண்ணெய் ஆகாது, அதில் தண்ணீர் கலந்திருந்தால் கதை முடிந்தது. வேலை முடிந்தபின் மிச்சத் துண்டுகளைத் தொட்டியில் கழுவிவிடக் கூடாது. ஸ்பிரிட்டில் போட்டு மெள்ளக் கரைக்க வேண்டும். இவ்வளவையும் சார் தாளில் எழுதித் தந்ததில்லை. வாயால்தான் சொல்வார், ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் மாறாமல்.

அவருக்குக் கிடைத்த விடை அட்டவணைப் புத்தகத்தில் உள்ளதோடு இரண்டாவது தசமம் வரை ஒத்துப்போயிருந்தது. சோடியத்தை அளந்து அந்த விடையைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் செல்வராணி எம்.எஸ்ஸி. படித்தாள். சேவுகம்பட்டிப் பெண். அப்பா தோட்டத்தில் மல்லிகையும் கத்தரிக்காயும் போட்டிருந்தார். வத்தலக்குண்டு வந்து பஸ் மாறி வருவாள். பேச்சு குறைவு. ஆனால் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தால் அவளிடம் ஒரு பொறுமை உண்டு. மற்றப் பிள்ளைகள் விடை வந்ததா என்று பார்ப்பார்கள். இவள் என்ன நடக்கிறது என்று பார்ப்பாள். இருபது வருடத்துக்கும் மேல் பாடம் நடத்திவிட்டேன், அப்படிப் பார்க்கிற பிள்ளைகளை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம்.

கடைசிப் பருவத்தில் திட்டப்பணி ஒன்று செய்ய வேண்டும். அவளுக்கு சார் கொடுத்த தலைப்பு 'நீராவி முறையில் சோடியத்தின் தன்வெப்பம்'. தன் சொந்த வேலையை ஒரு மாணவிக்குக் கொடுக்கிறார் என்றால் அது பெரிய மரியாதை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. செல்வராணிக்கு முகமெல்லாம் பல். மறுநாள் வரும்போது துறையில் இருந்த எல்லோருக்கும் மல்லிகை கொண்டுவந்தாள். கிறிஸ்தவச்சியான எனக்கும் ஒரு முழம்.

முதல் தடவை அவள் அளந்தபோது விடை அட்டவணையில் இருப்பதைவிடக் கூடுதலாக வந்தது. பரவாயில்லை, கை பழகவில்லை என்றேன். அடுத்த தடவை இன்னும் கூடியது. அதற்கடுத்த தடவை கொஞ்சம் குறைந்து, மறுபடி ஏறி ஏறக்குறைய இரண்டு மடங்குக்குப் போனது. கடிகாரத்தில் மணி பார்க்கப்போய் ஒவ்வொரு தடவையும் வேறு நேரம் காட்டுகிற மாதிரி இருந்தது. நானும் உட்கார்ந்து தராசைச் சரிபார்த்தேன், எண்ணெயை மாற்றினேன், தெர்மாமீட்டரை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறேன், ஓடி வந்தாள்.

"மேடம், செத்த வந்து பாருங்களேன்."

"என்ன, கொட்டிட்டியா?"

"இல்ல மேடம். நிக்குது."

"எது நிக்குது?"

"சோடியம். ஆவி தொண்ணூத்தொம்பதுல இருக்கு. இது தொண்ணூத்தெட்டுக்குக் கிட்ட வந்துட்டு அப்படியே நிக்குது. நேத்தும் இங்கதான் நின்னுச்சு. முந்தாநேத்தும் இங்கதான்."

போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தது. வெளியே அதைவிடச் சூடான ஆவி ஓடுகிறது, உள்ளே பாதரசம் அசையவில்லை. நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அதே கோட்டில் நின்றது.

"அதோட இன்னொண்ணு மேடம். நின்னதுக்கப்பறம் கூட நேரம் விட்டு எடுத்தா வேல்யூ கூட வருது. சீக்கிரமா எடுத்துட்டா கம்மியா வருது."

ஆறிய பிறகு குழாயைத் திறந்து, உள்ளே இருந்ததை மண்ணெண்ணெய் ஊற்றிய கண்ணாடித் தட்டில் கொட்டினோம். அவள் போட்டவை கத்தியால் வெட்டிய சதுரங்கள். வெளியே வந்தவற்றில் விளிம்பே இல்லை. உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"உருகியிருக்கு மேடம்" என்றாள் மெதுவாக.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. டம்ளரில் பனிக்கட்டி இருக்கும்வரை தண்ணீர் சூடேறாது. கொடுக்கிற வெப்பமெல்லாம் பனியை உருக்கவே போய்விடும். அதேதான் இங்கேயும். சோடியம் உருகுவது தொண்ணூற்றெட்டுக்குச் சற்றுக் கீழே. அட்டவணைப் புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது, நாங்கள் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. செம்புக்கும் பித்தளைக்கும் நீராவி போட்டுப் பழகிய கை, சோடியத்துக்கும் போட்டுவிட்டது. உருகும்போது அது வாங்கி ஒளித்து வைத்த வெப்பம் மண்ணெண்ணெயில் போட்டதும் வெளியே வந்து கணக்கைக் கெடுக்கிறது. எவ்வளவு உருகியதோ அவ்வளவு கேடு. நீராவியில் வைத்தால் சரியான விடை வரவே வராது. எண்பது டிகிரி வெந்நீரில் வைத்தால் வரும்.

வைத்தும் பார்த்தோம், வந்தது. அட்டவணை விடைக்கு வெகு அருகில், மூன்று தடவையும். அன்றைக்குச் செல்வராணி சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் சாரின் அறைக்குப் போனோம். அவள்தான் சொன்னாள், நின்ற இடம், உருண்டைகள், எண்பது டிகிரி எல்லாம். அவர் தாள்களைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

"அப்படியெல்லாம் வராதும்மா. நீ சரியாப் பாக்கல."

"இல்ல சார், மேடமும் பாத்தாங்க."

"நீ சரியாப் பாக்கலம்மா" என்றார் மறுபடி, அதே குரலில்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு நான் நின்றேன். உருகுநிலை இருக்கும் பக்கத்தைத் திறந்து அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"தலைப்பு என்ன ரீட்டாம்மா?"

"நீராவி முறை, சார்."

"யுனிவர்சிட்டிக்குப் போயிருச்சு. வேற முறைன்னா வேற தலைப்பு. வேற தலைப்புன்னா அடுத்த வருஷம்தான். நான் என்ன செய்ய முடியும்?"

"நீராவியில வராது சார்."

"எனக்கு வந்துச்சுல்ல?"

அவர் சமைத்திருப்பார் என்று அந்த நிமிடம் என் புத்திக்கு எட்டவே இல்லை. சூரியன் மேற்கே உதித்திருக்கும் என்று நினைப்பது அதைவிடச் சுலபம். அவர் ஏதோ கூடுதல் கவனத்தோடு செய்திருக்கிறார், அது எங்களுக்குப் பிடிபடவில்லை என்றுதான் குழம்பினேன். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் உட்கார வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

அந்த வாரமே செல்வராணியின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பூ மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார். ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஏம்மா, புள்ள இந்த வருசம் பாஸாயிருமா?"

"நல்லாப் படிக்கிற பிள்ளைங்கய்யா."

"அது தெரியும்மா. பாஸாயிருமா? பாஸாயிட்டா மேல படின்னு விட்டுர்றேன்னு வாக்குக் குடுத்துருக்கேன். அவ ஆத்தாதான் ஒத்துக்கிற மாட்டேங்குறா. எங்க அக்கா மகன் ரெடியா இருக்கான். இந்த வருசம் போச்சுன்னா ஆவணியில கல்யாணம், என்னால நிறுத்த முடியாது. புள்ள வேற ராத்திரியெல்லாம் அழுகுது, என்னான்னு சொல்ல மாட்டேங்குது."

நல்ல மனிதர். வாக்குக் கொடுத்ததைக் காப்பாற்ற வழி தேடி வந்திருக்கிறார். பாஸாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். எப்படி ஆகும் என்று எனக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்து சார் அவளைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தார். அவர் அறையில் பென்சில் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். நன்றாகச் சீவிய பென்சில். அதை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீராவி ரீடிங்கையே இன்னொரு தரம் எழுதிக் கொண்டாம்மா. இப்போதைக்குப் பென்சில்ல எழுது. நான் பாத்துச் சொல்றேன், அப்பறம் மையில ஏத்திக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, மிரட்டவில்லை. செல்வராணி பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எழுதாத. நீ பாத்தது நெசம். ஒரு வருஷம் போனாப் போகட்டும், நான் உங்க அப்பாகிட்டப் பேசுறேன்."

"ஒரு வருஷம் போனா நான் போயிருவேன் மேடம்" என்றாள்.

ஆய்வகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி இல்லை, அடுப்பு இல்லை, சோடியம் இல்லை, எல்லாம் அலமாரியில் இருந்தன. அட்டவணையிலிருந்து விடையை எடுத்து மேலே எழுதிக்கொண்டாள். அங்கிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, மண்ணெண்ணெய் எவ்வளவு சூடேறியிருக்க வேண்டுமோ அதைக் கண்டுபிடித்து, சந்தேகம் வராமல் இருக்க அங்கங்கே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் போட்டாள். தப்பாகப் போட்டதை விரலில் எச்சில் தொட்டு அழித்தாள், ரப்பர் அவளிடம் இல்லை. பாதரசம் நின்ற இடத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் அசந்துபோனார். "சோடியத்துல இப்படி ஒரு ரிசல்ட்டா!" என்று சாருக்குக் கை கொடுத்தார். சார் கை கொடுத்தார். செல்வராணிக்கு முதல் வகுப்பு. அவள் அப்பா வாக்கைக் காப்பாற்றினார், மேலே படிக்க அனுப்பினார். எல்லோருக்கும் நல்லதே நடந்தது. அன்றைக்கு அவள் பூ கொண்டுவரவில்லை.

அதற்குப்பின் நான் ஆய்வகத்துக்குள் போனதெல்லாம் சம்பளத்துக்குத்தான். மையில் எழுது, மையில் எழுது என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது வாய் கசக்கும். சார் வழக்கம்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெர்மாமீட்டர் பார்த்துக்கொண்டிருந்தார், பென்சில் வைத்திருந்தவர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். ஓய்வுபெறும் நாள்வரை அதில் மாற்றமே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மூச்சுத்திணறல் வந்து படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, நாகல் நகரில் இருந்த அவர் வீட்டுக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அரைக்கை பனியனில் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கைகள் குச்சியாக இருந்தன. அவர் மனைவி காப்பி போட உள்ளே போனார். வேறு எதைப் பற்றியோ பேச வாயெடுத்தவள் அதைக் கேட்டுவிட்டேன்.

"சார், உங்களுக்கும் நின்னுச்சா?"

எது என்று அவர் கேட்கவில்லை.

"நின்னுச்சு" என்றார்.

"அப்பறம் எப்படி சார் வேல்யூ வந்துச்சு?"

"எங்க கைடுகிட்டப் போயிச் சொன்னேன். நீ சரியாப் பாக்கலன்னாரு. மூணு மாசம் பாத்தேன். அது அங்கனயேதான் நிக்குது. எங்க அப்பாருக்கு அப்பக் கண்ணு தெரியாது, நான் வேலைக்குப் போனாத்தான் உலை. கடைசியா ஒரு நா பென்சில் குடுத்தாரு." மூச்சு வாங்கினார். "அதுக்கப்பறம் எனக்குப் பென்சிலக் கண்டாலே ஆகாது ரீட்டாம்மா. என் லேப்ல ஒரு புள்ளைக்கும் அது வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். நெசமாத்தான் இருந்தேன்."

"அப்ப செல்வராணிக்கு ஏன் சார்?"

"அவ பாத்தத அப்படியே எழுதுனா நான் என்ன ஆவேன்?"

காப்பி வந்தது. குடித்தேன். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன் போல, அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. திட்டவில்லை. மன்னிக்கவும் இல்லை. அவர் காலமானபோது மாலை வாங்கிக்கொண்டு போனேன். பேசியவர்கள் எல்லோரும் அவருடைய நேர்மையைப் பற்றியே பேசினார்கள், நான் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் போகிற வழியில் ஒரு புதுக் கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்த வெளித்தேர்வாளராகப் போனேன். துறைத்தலைவராக வாசலில் வந்து நின்றவள் செல்வராணி. உடம்பு போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். "மேடம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. அவள் அறையில் உட்கார்ந்து, பிள்ளைகள், மாமியார், பஸ் எல்லாம் பேசினோம். அப்புறம் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சோடியம் ஞாபகம் இருக்கா?"

"ஐயோ, இல்லாமயா மேடம்?" என்று சிரித்தாள். "எம்புட்டு அழுதேன்! கடைசியில பாத்தா ஒரு வேல்யூ. அம்புட்டுதான். அதுக்குப்போயி அப்படி அழுதேனேன்னு இப்ப நெனச்சாச் சிரிப்பா வருது. அதான் மேடம், எங்க புள்ளைகளுக்கு அந்த அழுகையே வேணாம்னு நானே சொல்லிக் குடுத்துர்றேன். எந்த ரீடிங் எங்க வரணும்னு முன்னாடியே தெரிஞ்சா பயம் இருக்காதுல்ல?"

அவள் குரலில் கள்ளம் இல்லை. பிள்ளைகள்மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னாள்.

தேர்வு நடந்த அறைக்குப் போனோம். வெளியூரிலிருந்து வந்த மேடம் என்று நான் நுழைந்ததுமே யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். வழக்கம்தான், எல்லாக் கல்லூரியிலும் போடுவார்கள். ஜன்னல் பக்கத்து மேசையில் இருந்த பெண்ணுக்கு வந்திருந்தது, சூடான திரவம் ஒன்று அடங்கிய காற்றில் எப்படி ஆறுகிறது என்று பார்த்து அதன் தன்வெப்பத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. அவள் தெர்மாமீட்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கியிருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். திடுக்கிட்டு நின்றுவிட்டேன்.

"ஏனுங்க மேடம்" என்று செல்வராணியைக் கூப்பிட்டாள். "ஃபேன் போட்டதுக்கப்பறம் வேகமா எறங்குதுங்க."

சரியாகத்தான் சொன்னாள். காற்றடித்தால் வேகமாக ஆறத்தான் செய்யும், விடை பிசகத்தான் செய்யும். அந்த அறையில் அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் அதைப் பார்த்திருந்தாள்.

செல்வராணி குனிந்து, பாசமாக அவள் தோளைத் தட்டினாள்.

"அப்படியெல்லாம் வராதும்மா. நீ சரியாப் பாக்கல."

சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். எங்கே கேட்ட வார்த்தை அது என்று அவளுக்கு நினைவே வரவில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. அந்தப் பெண் தெர்மாமீட்டரை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள்.

நான் சுவர்ப் பக்கம் போய் மின்விசிறியை நிறுத்தினேன். வழியில் இரண்டு மூன்று பேர் கையெழுத்துக்கு நிறுத்தினார்கள், அதை முடித்துவிட்டு வந்து அவளிடம் குனிந்தேன். "நீ பாத்தது சரிதான் கண்ணு. ஃபேனை நிறுத்திட்டேன். பாத்ததை அப்படியே எழுது, இன்னும் நேரம் இருக்கு."

அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள். கடைசிக் கட்டம் வரைக்கும் நிரப்பிய தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"முடிச்சுட்டனுங்க மேடம். எல்லாம் எழுதிட்டனுங்க."

மேசைமேல் திரவம் இன்னும் ஆறிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரில் பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை.